உன் படத்துக்கு முன்னால் வைத்த பூ

மக்கா,

நம் தெருச் சங்கத்தில் ஓணத்துக்கு ஒரு புத்தகம் போடுகிறார்கள். அதில் வீட்டுக்குள் சின்னச் சின்னதாகப் பூ அலங்காரம் செய்வது எப்படி என்று இரண்டு பக்கம் எழுதித் தரச்சொல்லி என்னிடம் கேட்டார்கள். ஆயுள் முழுக்க பஸ்ஸில் டிக்கெட் கிழித்த ஆளிடம் வந்து பூவைப் பற்றிக் கேட்கிறார்களே என்று எனக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் வேறு யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. காலையில் காப்பி குடித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து உட்கார்ந்தேன். மூன்று வரி போனதும் திரும்பப் படித்தால் நான் சங்கத்துக்கு எழுதவில்லை, உன்னிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். சரி, வண்டி கிளம்பிவிட்டது, போகிற வழியில் போகட்டும் என்று விட்டுவிட்டேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் எனக்குக் கோபம் முந்திக்கொண்டு வரும். எழுதும்போது கோபம் வந்தால் பேனாவை மூடிவிட்டு முற்றத்தில் ஒரு நடை நடந்து வரலாம். இதை முடித்ததும் உனக்கு அனுப்புவேன். சங்கத்துக்காரர்களுக்கும் இதையே கொடுத்தால்கூடத் தப்பில்லை. நமக்குள் நடந்தது நம் வலியசாலைப் பகுதியில் இந்நேரம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

அந்தக் கதையை முதலில் என் வாயால் சொல்லிவிடுகிறேன். ஹாலில் டி.வி.க்கு மேலே உள்ள ஷெல்ஃபில் உன் கல்யாணப் படம் இருக்கிறது. நீயும் ரம்யாவும் மாலையோடு நின்று சிரிக்கிற படம். ஒரு நாள் காலையில் அதற்கு முன்னால் ஊறுகாய் பாட்டில் ஒன்றில் மூன்று தெச்சிக் கொத்தும் ஒரு பெரணி இலையும் வைத்தேன். தெச்சி என்றால் ரம்யாவுக்குப் புரியாமல் போகலாம், அவர்கள் ஊரில் இட்லிப்பூ என்பார்கள். நன்றாகவே அமைந்திருந்தது. அதைப் போனில் படம் பிடித்து, 'இன்றைய பூ' என்று எழுதி, குடும்ப வாட்ஸாப்பில் போட்டேன். யாராவது கை தட்டுவார்கள் என்று காத்திருந்தேன். கால் மணி நேரத்தில் நீ கூப்பிட்டாய். ரம்யா அதைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறாள் என்றாய். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு இருக்கிறவள். அவளுடைய அம்மா நாகர்கோவிலிலிருந்து போன் செய்து, "சீவனோட இருக்கப்பட்ட பிள்ளையளுக்க படத்துக்கு முன்னால பூ வச்சிருக்காரே, அவருக்கு என்ன பிராந்தா?" என்று கேட்டார்களாம். நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "இதென்ன செத்த வீடாப்பா?" என்றாய். அந்தக் கேள்வியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். "ஓணத்துக்கு வரமாட்டோம். பிரசவம் முடியற வரைக்கும் அந்த வீட்டுக்கே வரமாட்டோம்" என்று சொல்லி வைத்துவிட்டாய். அன்றைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை. இதுவரை ஐந்து செவ்வாய்க்கிழமைகள் போய்விட்டன.

அன்று மதியம் பக்கத்து வீட்டு விஜயம்மா பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தாள். ஷெல்ஃபைப் பார்த்ததும் நடையிலேயே நின்றுவிட்டாள். "அய்யோ சேட்டா, இதாரு செய்த பணி? பிள்ளையளுக்க படத்துக்கு முன்னால பூ வைக்கப்பிடாது, அறியாதா?" என்றாள். பூதானே விஜயம்மா, இந்த ஷெல்ஃபில் வெளிச்சம் நன்றாக விழும், படம் பிடிக்கத் தோது என்றேன். "பூதான். பூ வைக்க எடம் உண்டல்லோ. மேசையில வையும், நடையில வையும், வேணும்னா குளிமுறியில வையும். சீவனுள்ளவங்களுக்க படத்துக்கு முன்னால மட்டும் பிடாது, கேட்டோ" என்று சொல்லி அவளே பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் அடுக்களை ஜன்னலில் வைத்தாள். எனக்கு வந்த எரிச்சலில் பாத்திரத்தைக் கொண்டுவந்து தந்ததற்கு நன்றிகூடச் சொல்லவில்லை. ஆனால் மக்கா, எனக்குத் தெரியாத ஒன்றை அவள் சொல்லவில்லை. பிறந்து வளர்ந்த யாருக்குத்தான் இது தெரியாது. தெரிந்தும் எப்படி வைத்தேன் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

உன் அம்மா போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. நீ வந்து படத்தை மாட்டி, சின்ன பல்பு போட்டு, பிளாஸ்டிக் மாலை சாத்திவிட்டுப் போனாய். எனக்கு அந்த பிளாஸ்டிக் பிடிக்கவில்லை. பழவங்காடிக்குப் போய்ப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, எதிரே பூக்காரியிடம் ஒரு முழம் பிச்சி வாங்கி வந்து போட ஆரம்பித்தேன். ஒரு நாள் நல்ல மழை, வெளியே போக முடியவில்லை. முற்றத்தில் மதிலோரம் நிற்கிற நந்தியாவட்டையில் நாலு பூவைக் காம்போடு பறித்து வந்தேன். இரண்டைப் படத்தில் செருகினேன். மிச்சம் இரண்டை எங்கே போடுவது என்று தெரியவில்லை. சாமிக்கு ஏற்கெனவே வைத்தாகிவிட்டது, குப்பையில் போட மனம் வரவில்லை. கையில் கிடைத்த கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி அதில் நிறுத்திச் சாப்பாட்டு மேசையில், உன் அம்மா உட்காருகிற நாற்காலிக்கு எதிரே வைத்தேன். அன்று மதியம் சோறு தின்னும்போது எதிரே ஏதோ இருந்தது. அவள் போன பிறகு முதல் தடவையாக நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடவில்லை. நாலு பேர் மேசையில் ஒரு ஆள் உட்கார்ந்து சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

அதிலிருந்து பிடித்துக்கொண்டது. முதலில் நான் செய்ததெல்லாம் தப்பு. பாட்டிலின் வாய்க்குள் எத்தனை பூ நுழையுமோ அத்தனையையும் திணித்தேன், ஓணத்துக்கு முந்தின நாள் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏற்றுகிற மாதிரி. மறுநாளே எல்லாம் வாடித் தலை தொங்கியது. பிறகுதான் புத்தி வந்தது. எத்தனை வருஷம் நான் பஸ்ஸில் நின்று, முன்னால் நெருக்காதீங்க, பின்னால இடம் கிடக்கு, உள்ளே போங்க என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அதேதான் இதற்கும். சின்ன பாட்டிலுக்கு மூன்று தண்டு போதும். உயரமானதைப் பின்னால் நிறுத்து, அது பாட்டிலைப் போல ஒன்றரை மடங்கு உயரம் இருந்தால் கண்ணுக்கு நன்றாக இருக்கும். நடுத்தரமானதை ஒரு பக்கம் சாய்த்து விடு. குட்டையானது வாயோரம் எட்டிப் பார்க்கட்டும். மூன்றும் மூன்று பக்கம் பார்க்க வேண்டும், எல்லாம் ஒரே பக்கம் பார்த்தால் அது ரேஷன் கடை வரிசை. தண்டு நிற்காமல் சாய்ந்தால் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை ஒடித்து, பாட்டில் வாய்க்குள் குறுக்கே இறுக்கி வை. அதில் சாய்ந்துகொண்டு சொன்ன இடத்தில் நிற்கும்.

இன்னும் சிலது உண்டு. காலையில் வெயில் ஏறுவதற்குள் பறித்துவிடு. பிளேடால் தண்டின் அடியைச் சரிவாக நறுக்கு, கத்தரிக்கோல் நசுக்கிவிடும். தண்ணீருக்குள் ஒரு இலைகூட இருக்கக் கூடாது, இருந்தால் அழுகி நாறும். தண்ணீரைத் தினம் மாற்று. ஃபேனுக்குக் கீழேயும் வாழைப்பழத் தட்டுக்குப் பக்கத்திலும் வைக்காதே, பழம் பழுக்கிற காற்றில் பூ சீக்கிரம் உதிர்ந்துவிடும். பூ கிடைக்காத நாளில் குரோட்டன் இலை இரண்டும் ஒரு துளசிக் கதிரும் போதும். செம்பருத்தியை நீ என்ன தாலாட்டினாலும் சாயங்காலம் சுருண்டுவிடும், அதனோடு சண்டை போடாதே, ஒரு நாள் விருந்தாளி என்று வைத்துக்கொள். தெச்சி நல்ல பிள்ளை, பல நாள் நிற்கும். ஒன்று வாடினால் எல்லாவற்றையும் தூக்கி எறியாதே. இறங்க வேண்டியதை மட்டும் இறக்கிவிட்டு மற்றவற்றைச் சற்றே நகர்த்தி வை. கழக்கூட்டத்தில் உன் ஃபிளாட் பால்கனியில் தொட்டிச் செடி இரண்டு வைத்தாலே இதெல்லாம் நடக்கும். சங்கத்துக்காரர்கள் கேட்டது இவ்வளவுதான், இத்தோடு அவர்கள் இறங்கிக்கொள்ளலாம்.

இனி உனக்கு மட்டும். நீ கேட்டாயே, இதென்ன செத்த வீடா என்று. அந்தக் கேள்வி உன்னுடையது இல்லை, என்னுடையது. நினைவிருந்து சொன்னாயா, தானாக உன் வாயில் வந்ததா என்று தெரியவில்லை. நீ பத்தாம் கிளாஸ் பாஸான அன்றைக்கு டிப்போவிலிருந்து என்னோடு வேலை பார்த்தவர்கள் ஐந்தாறு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அதற்கு முந்தின நாள் பொன்முடி டூட்டியில் போனபோது, உன் அம்மா கேட்டாள் என்பதற்காக, மேலே வண்டி நிற்கிற இடத்தில் பாறையோரம் கிடந்த பெரணி இலையை ஒரு பிடி ஒடித்து வந்திருந்தேன். எதற்குக் கேட்கிறாள் என்று கேட்கவுமில்லை. எஸ்டேட் பெண்கள் ஏறும்போது, என்ன கண்டக்டர் சாரே, பொண்டாட்டிக்கு இலையா கொண்டு போறீரு என்று கேலி செய்தது மட்டும் மனதில் குத்திக்கொண்டிருந்தது. மறுநாள் பார்த்தால் மேசை நடுவில், ஊறுகாய் பாட்டிலில், அந்தப் பெரணியும் மூன்று செம்பருத்தியும். வந்தவர்களில் ஒருவன், அம்மோ, ஹோட்டல் மாதிரி இருக்கே என்றான். அவன் பாராட்டத்தான் சொன்னான் என்று இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது. எல்லோர் முன்னாலும் உன் அம்மாவைப் பார்த்து, "இதென்ன செத்த வீடா? எடுத்து உள்ள கொண்டு போ" என்றேன்.

அவள், "உங்களுக்குப் பிடிக்கலைன்னா எடுத்திருதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இரண்டு கையாலும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போனாள். நீ லட்டுத் தட்டோடு கதவோரம் நின்றிருந்தாய். உன் முகத்தைப் பார்த்துவிட்டு நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் ஹாலில் பூ வைத்ததே இல்லை. ஆனால் விடவும் இல்லை. அடுக்களை ஜன்னலில், காஸ் அடுப்புக்குப் பின்னால், நான் எட்டிப் பார்க்காத இடத்தில், அவளுக்கென்று ஒரு பாட்டில் எப்போதும் இருந்திருக்கிறது. அவள் போன பிறகு அந்த ஜன்னலைத் துடைக்கும்போதுதான் சிமெண்டில் வட்டமாக விழுந்திருந்த தண்ணீர்க் கறையைக் கண்டேன். எத்தனை வருஷம் ஒரே இடத்தில் வைத்தால் அப்படி ஒரு கறை விழும் என்று யோசித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அன்றைக்கு விஜயம்மா கொண்டுபோய் வைத்ததும் சரியாக அந்த வட்டத்தின் மேல்தான். அவளுக்கு அது தெரியாது.

இதிலிருந்து உனக்கு ஒரே ஒரு புத்திமதி சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். ரம்யா வீட்டில் எங்கேயாவது எதையாவது அழகுக்கென்று வைத்தால் அதை எடுக்கச் சொல்லாதே. அது உனக்குப் பிடிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உன் வேலையைப் பார். நான் அதைச் செய்யாமல் போனதற்கு இன்றைக்கு மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை. படத்திடம் கேட்டால் படம் என்ன சொல்லும்.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது செவ்வாய்க்கிழமை நான் உன் ஃபிளாட்டுக்கு வந்தேன். பழவங்காடியில் சூடாக மூன்று போளி கட்டி வாங்கிக்கொண்டு கழக்கூட்டம் பஸ் ஏறினேன். ரம்யாவிடம் நேரில் சொல்லிவிடலாம், தப்பாக நினைக்காதே மக்களே, வயசானவன் அறியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். கேட்டில் செக்யூரிட்டிக்காரர், "ஆரைக் காணணும் சாரே?" என்று கேட்டார். ஏழாவது மாடி என்று உன் பேரைச் சொன்னேன். "மேல விளிச்சுக் கேக்கட்டே. சாரு அவருக்கு ஆரு?" என்றார். அப்பா என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லி, நீ மேலே இருந்துகொண்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்த மனுஷன் முன்னால் என் முகத்தை எங்கே வைப்பது என்று தோன்றியது. "தெரிஞ்ச ஆளுதான், பிறகு வாரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் மூன்று போளியையும் நானே தின்றேன். சர்க்கரைக்காரன் தின்னலாமா என்று கேட்காதே, கேட்கிற உரிமையை நீதான் போனோடு சேர்த்து வைத்துவிட்டாயே. இதோ, கோபம் வந்துவிட்டது. முற்றத்துக்குப் போய் வருகிறேன்.

வந்துவிட்டேன். அறியாமல் செய்தேன் என்று ரம்யாவிடம் சொல்ல நினைத்தேன் என்றேனே, அது பொய். அதனால்தான் கேட்டோடு திரும்பியது நல்லதாகப் போயிற்று. அந்த ஷெல்ஃபில் வெளிச்சம் நன்றாக விழும், படம் பிடிக்கத் தோதான இடம், அதனால் வைத்தேன் என்று விஜயம்மாவிடம் சொன்னதும் பொய். உள்ளதைச் சொல்கிறேன். உன் அம்மா படத்திடம் நான் தினமும் பேசுவேன். இன்றைக்கு என்ன குழம்பு, யார் வந்தார்கள், முட்டு வலி எப்படி என்று சும்மா ஏதாவது. எதிர்ச்சுவர் ஷெல்ஃபில் உன் படம். நீ முதலில் ஞாயிறுதோறும் கூப்பிட்டாய். பிறகு ஒன்று விட்டு ஒரு ஞாயிறு. சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா, சரி வைக்கட்டா என்பதோடு முடிந்துவிடும். உன்னிடம் சொல்ல வேண்டியதெல்லாம் எனக்குள் மிஞ்சிக் கிடந்தது. அதையெல்லாம் உன் படத்திடம் சொல்ல ஆரம்பித்தேன். எப்போது ஆரம்பித்தேன் என்றுகூட நினைவில்லை. அம்மாவிடம் சொல்லி முடித்ததும் திரும்பி நின்று உன்னிடம் சொல்வேன். அன்று காலை அவள் படத்துக்குப் பூ வைத்தேன், பேசினேன், திரும்பினேன், உன் படத்துக்கும் பூ வைத்தேன். கை தானாகப் போயிற்று. இரண்டு படமும் ஒரே மாதிரி பேசாமல் இருந்தன மக்கா. எது உயிரோடு இருக்கிறவர்களுடையது என்று என் கைக்கு அந்த நேரத்தில் தெரியவில்லை.

இதை எழுதும்போது எனக்கே பயமாக இருக்கிறது. நீ நன்றாக இருக்கிறாய், நூறு வருஷம் இருப்பாய், ரம்யாவும் பிள்ளையும் நன்றாக இருப்பார்கள். பிழை உங்கள் மேல் இல்லை. பதினைந்து கிலோமீட்டர் தூரத்தில், ஒரே டிக்கெட்டில் போய்ச் சேருகிற இடத்தில் உயிரோடு இருக்கிற பிள்ளையை, வா என்று வாய்விட்டுக் கூப்பிடாமல், படத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன் பார், அதுதான் நான் செய்த தப்பு. தனியாக இருக்கிறேன், வந்துவிட்டுப் போ என்று சொல்ல எனக்குக் கூச்சம். உன்னைக் கூப்பிடாமல் பூவைப் படம் பிடித்து அனுப்பினேன். ரம்யாவின் அம்மா பயந்ததில் ஒரு தப்பும் இல்லை. நான் நினைக்காத ஒன்றை அவர்கள் அந்தப் படத்தில் பார்த்தார்கள் என்று முதலில் கோபப்பட்டேன். யோசித்துப் பார்த்தால் அவர்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். ரம்யாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். நீ சொல்லத் தயங்கினால் இந்தத் தாளையே அவளிடம் கொடு.

கல்யாணப் படம் இப்போது ஷெல்ஃபில் தனியாக இருக்கிறது, சுற்றிலும் ஒரு இலைகூட இல்லை. காலையில் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கடந்து போகப் பழகிக்கொண்டு வருகிறேன். பூவெல்லாம் மேசைக்கு வந்துவிட்டது. அம்மா இடத்தில் நந்தியாவட்டை, உன் இடத்தில் தெச்சி, ரம்யா உட்காருகிற ஜன்னல் பக்கத்து நாற்காலிக்கு முன்னால் துளசிக் கதிரும் ஒரு செம்பருத்தியும். நாற்காலிக்கு முன்னால் வைத்தால் தோஷம் ஏதும் உண்டா என்று விஜயம்மாவிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டேன். "அதுக்கு ஒண்ணும் இல்ல சேட்டா. ஆளு வரும்போ எடுத்து மாத்தினா போதும்" என்றாள். மூன்று பாட்டிலுக்கும் தண்ணீர் மாற்றி, தண்டு நறுக்கி முடிக்க அரை மணி நேரம் ஆகிறது. அந்த அரை மணி நேரம் மட்டும் வீட்டில் நாலு பேர் இருக்கிற மாதிரி இருக்கும். பிறகு நான் ஒரு தோசை சுட்டு உட்கார்ந்து சாப்பிடுவேன்.

அத்தம் வந்துவிட்டது, ஓணப் பூக்களத்துக்கு முதல் நாள். விஜயம்மா வீட்டு வாசலில் இன்று காலையிலேயே களம் போட்டுவிட்டார்கள். திருவோணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். பெரிதாக ஒன்றும் செய்ய எனக்குத் தெரியாது. பருப்பும் அவியலும் நான் வைப்பேன், பாயசம் விஜயம்மா கொடுப்பாள், போளி பழவங்காடியில் கிடைக்கும். ரம்யாவுக்கு அலைச்சல் ஆகாது என்றால் நீ மட்டுமாவது வா, அவளுக்குக் கட்டிக் கொடுத்து அனுப்புகிறேன். பிரசவம் முடிந்துதான் என்றால் அதற்கும் சரி. ஆனால் எப்போது வருவதாக இருந்தாலும் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடு. மேசையிலிருந்து அந்தப் பாட்டில்களை எடுக்க வேண்டும். இலை போட இடம் வேண்டுமே.